டிராக்டர், டிரெய்லர் தகடுகளுக்குப் பசையால் ஒட்டுப் போடுதல்

சேற்றுழவு முடிந்து வரப்பேறும் டிராக்டரின் பின்சக்கர மட்கார்டுகளுக்குள் சேறு கனமாய் அப்பிக் கொண்டிருப்பது யாவரும் அறிந்ததே. வெளிப்புறத்தை வாய்க்கால் நீரில் கழுவி விடுவார்கள். உட்புறத்தை அநேகமாய் ஒருவரும் தொடுவதில்லை. மேலே காய்ந்து வெடித்துத் தோன்றும் அச்சேறு, தகட்டைத் தொடும் இடத்தில் பல நாள் ஈரம் மாறாமல் இருக்கும். கல்லும் கட்டியும் மோதிப் பெயிண்டு உதிர்ந்த இடங்களிலும், போல்டுத் துளைகளைச் சுற்றியும், மடித்த விளிம்புகளிலும் துரு அங்கிருந்தே தொடங்குகிறது. வெளிப்புறத்துப் பெயிண்டு அம்மைக் கொப்புளம்போல் எழும்பியதை உடையவர் கண்ணுறும் காலத்தில், உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும். டிரெய்லர்களின் நிலையும் இதுவே. யூரியா, அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் முதலிய உரங்கள் மூட்டையினின்றும் சிந்தி மூலைகளில் தங்கிக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கின்றன. கடற்கரையை அடுத்த தாலுகாக்களில் உப்புக்காற்றும் இவற்றோடு சேர்ந்து கொள்ளும்.

இவ்வாறு ஓட்டை விழுந்த தகட்டுக்கு வழக்கமாய்ச் செய்யப்படும் பரிகாரங்கள் இரண்டு. ஒன்று, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துண்டு வைத்துப் பற்ற வைத்தல். மற்றொன்று, ஓட்டையின்மேல் பட்டி அப்பித் தேய்த்து வர்ணம் பூசிவிடுதல். முன்னது கனமான தகட்டுக்கு ஏற்ற முறையேயாயினும், மெல்லிய தகட்டில் சூடு தாங்காமல் தகடு நெளிவதும், துருவால் இளைத்த ஓரம் உருகி ஓட்டை பெரிதாவதும், மறுபுறத்துப் பெயிண்டு கருகி அங்கே புதுத் துரு பிடிப்பதும் உண்டு. டீசல் தொட்டி, மின்கம்பிகள், பாட்டரி ஆகியவை அருகில் இருப்பின் நெருப்பு அபாயம் வேறு. பின்னது பரிகாரமே அன்று. ஒரு மழைக்காலத்துக்குள் பட்டி ஈரம் உறிஞ்சிக் கழன்று விழும். அதுவரை துரு மறைவாக வளர்ந்து கொண்டிருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உளது. பழுதான இடத்தை வெட்டி நீக்கி, அதனினும் பெரியதொரு புதுத்தகட்டைப் பின்புறமாக வைத்து, எபாக்ஸி என்னும் இரு பகுதிப் பசையினால் ஒட்டிவிடுதலே அம்முறை. நெருப்பு வேண்டுவதில்லை, மின்சாரம் இல்லாத களத்துமேட்டிலுங்கூடச் செய்யலாம். சிரத்தையுடன் செய்தால் பல வருஷம் நிற்கும். சிரத்தையின்றிச் செய்தால் பட்டியைக் காட்டிலும் கேடானது. ஏனெனில் பார்வைக்கு உறுதியாய்த் தோன்றி, வேண்டும் சமயத்தில் கைவிடும்.

பசையினால் உலோகத்தை உலோகத்தோடு ஒட்டுவது புதிய செய்தியன்று. இங்கிலாந்தில் நார்மன் டி புருயின் என்பவர் 1941-இல் ரெடக்ஸ் என்னும் பசையைக் கண்டார். 1944-இல் முதன்முதல் பறந்த ஹார்னெட் என்ற யுத்த விமானத்தில் அது உபயோகிக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்து தேசத்துச் சீபா கம்பெனியார் 1946-இல் அரால்டைட் என்னும் எபாக்ஸிப் பசையை வெளியிட்டனர். அப்பெயர் இன்று சிற்றூர் ஹார்டுவேர் கடைகளிலும் வழங்குகின்றது. 1970-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து விமான ஆராய்ச்சிச் சாலையில், இறகுகளில் கண்ட வெடிப்புக்களின்மேல் போரான் இழையாலாகிய ஒட்டுக்களைப் பசையால் பொருத்தி விமானங்களை மீண்டும் பறக்கவிட்டனர். 1996-இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் என்ற காரின் அலுமினியச் சட்டமே பசையால் ஒட்டப்பட்டதாகும். ஆனால் இவையெல்லாம் ரசாயன முறையில் கழுவி, அளந்த உஷ்ணத்தில் பதப்படுத்திச் செய்த தொழிற்சாலை வேலைகள். ஊர்ப் பட்டறையில் அவ்வளவு பலம் கிட்டும் என்று கருதுதல் தவறு; வேண்டுவதும் அவ்வளவன்று.

எங்கே ஒட்டலாகாது

முறையைச் சொல்லுமுன் விலக்கைச் சொல்லுதல் முறை. மட்கார்டின் பாரம் தாங்காத பரப்பு, பானெட்டின் பக்கத்தகடு, கருவிப்பெட்டியின் மூடி, டிரெய்லரின் பக்கப் பலகைத் தகடு, கார் அல்லது சிறு லாரியின் கதவு வெளித்தகடு ஆகியவை பசை ஒட்டுக்கு உரியவை. சேஸிஸ், டிரெய்லரின் இழுவைக் கட்டை, கொக்கி, சக்கர வளையம், ஸ்டியரிங், பிரேக் உறுப்புக்கள், ஓட்டுநர் ஆசனத்தைத் தாங்கும் இரும்பு, வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் சட்டம் என்பவற்றில் எக்காரணத்தாலும் பசையைக் கொண்டு ஒட்டுப் போடலாகாது. டீசல் தொட்டியும் புகைக்குழாயும் அவ்வாறே.

மட்கார்டைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வயலுக்குப் போகும் ஆட்களை இரு மட்கார்டுகளின் மேலும் உட்கார வைத்து ஓட்டிச் செல்வது கிராமங்களில் சகஜமாய்க் காணப்படுகின்றது. விழுந்தவர் விழுவது பின்சக்கரத்தின் கீழ். தகடு புதிதாய் இருக்கும்போதே செய்யத்தகாத காரியம் அது. ஒட்டுப் போட்ட மட்கார்டின்மேல் ஆள் உட்கார்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி குதிக்கும்போது, உட்கார்ந்தவரின் எடை ஒட்டின் ஓரத்தை நெம்பித் தூக்குகின்றது. பசை எதைத் தாங்காதோ அதுவே அங்கு நடக்கின்றது. மட்கார்டைச் சட்டத்தோடு பிணைக்கும் காலும் போல்டும் உள்ள பகுதி துருவேறியிருந்தால், அங்கே பசையை நினைக்கவே கூடாது. வெல்டிங்கோ புது மட்கார்டோதான் கதி.

பசையின் பலமும் பலவீனமும்

சுவரில் ஒட்டிய விளம்பரத்தாளை ஒரு மூலையில் நகத்தால் கிளப்பிப் பிடித்து இழுத்தால் முழுவதும் உரிந்து வந்துவிடும். அதே தாளைச் சுவரோடு சுவராய்ப் பக்கவாட்டில் நகர்த்த முயன்றால் தாள் கிழியுமே அன்றி ஒட்டு விடாது. உலோக ஒட்டும் அத்தன்மையதே. பக்கவாட்டு இழுப்பில் பெரும்பலம், உரிப்பில் அற்பபலம். ஆகையால் ஒட்டுத்தகட்டின் மூலைகளைக் கூராய் விடாமல் ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்கேனும் உருட்டிவிட வேண்டும். விளிம்புகளை அரத்தால் சரித்து மெலிவிக்க வேண்டும். கூர்மூலையே முதலில் உரியத் தொடங்கும் இடம்.

ஒட்டு, ஓட்டையின் ஓரத்தைக் கடந்து எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கார்களின் வெளித்தகடு சாதாரணமாய் 0.7 முதல் 0.8 மி.மீ. கனமுள்ளது, டிராக்டர் தகடு அதனினும் சற்றுக் கனமாய் இருக்கும். 0.8 மி.மீ. கனமும் 25 மி.மீ. அகலமும் உள்ள மெல்லிரும்புத் தகட்டுப் பட்டை ஏறக்குறைய 400 கிலோ இழுப்பில் நீளத் தொடங்கிவிடும். அதே பட்டையை 25 மி.மீ. நீளத்துக்கு மேல்விழ வைத்து எபாக்ஸியால் ஒட்டினால், சதுர மி.மீட்டருக்கு 1 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒட்டு 600 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். அதாவது, சரியாய் ஒட்டிய இடத்தில் பசை விடுமுன் தகடே இளகிக் கொடுக்கும். எனவே மெல்லிய தகட்டுக்கு நாற்புறமும் 25 முதல் 40 மி.மீ. வரை மேல்விழுவது போதுமானது. இதனை இருமடங்காக்கினால் பலமும் இருமடங்காகும் என்பதில்லை. இழுப்பின் பெரும்பகுதி ஒட்டின் இரு ஓரங்களிலேயே விழுவதால் நடுவிலுள்ள பசை பெரும்பாலும் சும்மா இருக்கும். பெரிய ஒட்டு வேண்டுமென்று தகட்டை வீணாக்க வேண்டியதில்லை.

தகட்டை ஆயத்தம் செய்தல்

இவ்வேலையில் பத்தில் எட்டுப் பங்கு பசையைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன், முதலில் மணலிட்டுத் தேய்த்து, நவச்சாரம் தூவிச் சுத்தம் செய்யாமல் ஈயத்தை இடுவதில்லை. களிம்புள்ள இடத்தில் ஈயம் பிடிக்காது என்பதை அவன் பாட்டன் காலத்திலிருந்தே அறிவான். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவனும் வெட்டுவாயில் மண்படவும் கைபடவும் விடமாட்டான். எபாக்ஸி வேலைக்கு வேண்டியது அதே ஒழுக்கந்தான்.

முதலாவதாக, சேற்றையும் உரத்தையும் நீரால் நன்கு கழுவிக் காயவிட வேண்டும். உரத்தின் உப்பு சிறிதளவு தங்கினாலும் பசைக்குக் கீழே துருவைத் தூண்டும். பிறகு துருவேறிய பகுதியை, உறுதியான தகடு தென்படும்வரை வெட்டி எடுக்க வேண்டும். இதில் கைகூசலாகாது. ‘ஓட்டை பெரிதாகிவிடுமே’ என்றஞ்சி இளைத்த ஓரத்தை விட்டுவைப்பவர்கள், துருவின்மேல் ஒட்டுகிறார்கள். துரு இரும்பை விட்டு உதிரும்போது ஒட்டும் கூடவே வந்துவிடும். துருவைக் கறுப்பாக மாற்றும் திராவகங்கள் பெயிண்டுக்கு அடிப்பூச்சாக உதவலாம். ஒட்டுக்கு அடித்தளமாக உதவா.

ஓட்டையின்றி வெடிப்பு மட்டும் இருந்தால் அதன் உண்மையான முனையைக் காணுதல் அவசியம். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் மயிரிழைபோல் வெடிப்பு ஓடியிருக்கும். சிறிது மண்ணெண்ணெய் அல்லது டீசலைத் தடவிச் சற்றுநேரம் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, சாக்குக்கட்டித் தூளைத் தூவினால், வெடிப்பினுள் புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் கறைக்கோடாய்த் தெரியும். கோடு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளையொன்று போட்டால் வெடிப்பு மேலே ஓடாது. அத்துடன், வெடிப்பு ஏன் உண்டாயிற்று என்று பார்க்க வேண்டும். தளர்ந்த போல்டு, தேய்ந்துபோன ரப்பர் வாஷர், முறிந்த தாங்கி ஆகியவற்றைச் சரிசெய்யாமல் ஒட்டுப் போட்டால், அதிர்வு ஒட்டின் ஓரத்தில் புதுவெடிப்பை உண்டாக்கும்.

இரண்டாவது, எண்ணெய்ப்பசை நீக்குதல். இது தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் செய்யப்பட வேண்டும். முன்னே செய்யாவிடில் உப்புத்தாள் கிரீஸைத் தகட்டின் கீறல்களுக்குள்ளேயே அழுத்தித் தேய்த்துவிடும். அசிட்டோனில் நனைத்த தூய வெள்ளைத் துணியால் துடைத்து, அது ஆவியாகுமுன் உலர்ந்த மற்றொரு துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு கரைந்து, பரவி, மறுபடியும் அங்கேயே படியும். பட்டறைகளில் கையைத் துடைக்கும் வேஸ்ட் துணி இதற்கு உதவாது; பெட்ரோலும் உதவாது. பெட்ரோல் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதோடு, எளிதில் தீப்பற்றவும் செய்யும். அசிட்டோனும் தீப்பற்றும் வஸ்துவே. பீடி, அடுப்பு, கிரைண்டர்ப் பொறி யாவும் தூரத்தில் இருத்தல் வேண்டும். வைக்கோற்போர் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது, தேய்த்தல். பெயிண்டும் அடிப்பூச்சும் முற்றிலும் நீங்கி, வெள்ளிபோல் இரும்பு தெரியும்வரை, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாய்த் தேய்க்க வேண்டும். ஒட்டுத்தகட்டின் ஒட்டும் பரப்பையும் இவ்வண்ணமே தேய்ப்பது பலருக்கு மறந்துவிடுகின்றது. கடையினின்று வாங்கிய புதுத்தகட்டின்மேல் துருப்பிடியாதிருக்கப் பூசிய எண்ணெய் உண்டு. பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலால் தேய்க்கும்போது மூக்கை மூடி, தூளைக் குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் இடத்தில் விடாமல் கூட்டி அகற்ற வேண்டும்.

பரப்பு சுத்தமாயிற்றா என்று அறியச் சுலபமான பரீக்ஷை ஒன்று உண்டு. தூயநீரைச் சிறிது அதன்மேல் ஊற்ற வேண்டும். நீர் விரிந்து, இடைவெளியின்றி ஒரே படலமாய் நின்றால் தகடு ஒட்டுக்குத் தயார். சேப்பங்கிழங்கு இலையின்மேல் நிற்பதுபோல் முத்துமுத்தாய்த் திரண்டால் எண்ணெய்ப்பசை இன்னும் இருக்கிறது; மறுபடியும் துடைத்துத் தேய்க்க வேண்டும். பரீக்ஷித்த நீரை உடனே துடைத்து, தகட்டை இளஞ்சூடாக்கி நன்றாய் உலர்த்திவிட வேண்டும். தேய்த்த இரும்பு நம் பக்கத்து ஈரக்காற்றில் வெகுசீக்கிரம் மங்கத் தொடங்குமாதலால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே ஒட்டிவிடுதல் நல்லது. இன்று தேய்த்து நாளை ஒட்டலாம் என்று வைப்பது வீண்.

ஈரத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1988-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு போயிங் 737 விமானத்தின் மேற்கூரைத் தகடு ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் ஆகாயத்தில் வீசப்பட்டு மாண்டார். மற்றவர்களுடன் விமானம் மாவி தீவில் இறங்கியது அற்புதமே. அவ்வகையைச் சேர்ந்த தொடக்ககால விமானங்களின் தகட்டுப் பொருத்துகள், குளிரில் வைத்துக் காக்கும் எபாக்ஸி தோய்ந்த துணியால் ஒட்டி, ரிவெட்டும் அடிக்கப்பட்டவை. குளிர்ந்த துணியின்மேல் காற்றின் ஈரம் பனித்துளியாய்ப் படிந்தால் ஒட்டு சரியாய்ப் பிடிக்காது. பிடிக்காத இடங்களில் உப்புக்காற்றும் ஈரமும் புகுந்து அரித்தன. பாரம் முழுவதும் ரிவெட்டுகளின்மேல் விழுந்தது. 89,680 தடவை பறந்த அவ்விமானத்தில் ரிவெட்டுத் துளைதோறும் வெடிப்பு கண்டு, பல வெடிப்புக்கள் ஒன்றாகிவிட்டன. அத்துணைத் தேர்ந்த தொழிற்சாலையிலேயே கண்ணுக்குத் தெரியாத பனித்துளி இவ்வளவு செய்ததென்றால், மார்கழிக் காலையில் பனிபெய்து நனைந்த டிராக்டரின்மேல் விடியற்காலத்தில் பசை தடவுவது எப்படியிருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் முற்பகல் பத்து மணிக்குமேல், தகடு கைக்கு இளஞ்சூடாய்த் தோன்றும்போது ஒட்டுவதே உத்தமம்.

பசை கலத்தல், ஒட்டுதல்

எபாக்ஸியில் ரெசின், ஹார்டனர் என இரண்டு பகுதிகள். ஐந்து நிமிஷத்தில் இறுகும் வகை கிண்ணப்பிடி ஒட்டத்தான் தகும்; உஷ்ணத்துக்கும் நீருக்கும் அது விரைவில் தளரும். மெதுவாய் இறுகும் வகையையே வண்டித் தகட்டுக்கு வாங்க வேண்டும். கலக்கும் விகிதம் டப்பாவின்மேல் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வாறே அளக்க வேண்டும், கண்மதிப்பு ஆகாது. ஹார்டனரைக் கூடுதலாய் ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் பட்டறைகளில் பரவியுள்ளது. அது பாலியெஸ்டர் ரெசினோடு பழகியவர்களின் எண்ணம். எபாக்ஸியில் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வஸ்துவாகின்றன. ஒன்று மிஞ்சினால் மிஞ்சியது சேராமல் பசையினுள்ளேயே தங்கி, ஒட்டு என்றும் மெதுவாகவே இருக்கும்.

சித்திரை வெயிலில் மற்றொரு தொல்லை. உஷ்ணம் 10 டிகிரி கூடுந்தோறும் எபாக்ஸி இறுகும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். கிண்ணத்தில் மொத்தமாய்க் கலந்து வைத்தால் தன் சூட்டாலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடுவதும் உண்டு. சிறிது சிறிதாய்க் கலந்து, ஓட்டின்மேலோ தட்டையான ஓர் ஓடுவில்லையின்மேலோ பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும்.

பசையை இரு பரப்புகளிலும் மெல்லியதாய்த் தேய்த்துப் பூச வேண்டும். ஒட்டுத்தகட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்று வெளியேறும்படி அழுத்திப் பொருத்த வேண்டும். பசை கனமாய் இருப்பின் பலம் என்பதும், கிளாம்பை முழுப்பலத்தோடு முறுக்கினால் பலம் என்பதும் இரண்டும் பிழை. 0.1 முதல் 0.3 மி.மீ. கனமே ஏற்றது. முரட்டுத்தனமாய் முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி, இடையில் ஒன்றும் இராது. 0.25 மி.மீ. தூண்டில் நரம்பை நாலைந்து சிறு துண்டுகளாய் நறுக்கிப் பசையினிடையே வைத்தால், எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடைவெளி மாறாது. ஓரத்தில் சுற்றிலும் சிறிது பசை பிதுங்கித் தெரிவது நல்ல அடையாளம். பெரிய ஒட்டாயின் மூலைக்கொன்றாக ரிவெட்டு அடித்தல் நன்று. உரிப்பைத் தடுப்பதோடு கிளாம்பின் வேலையையும் அதுவே செய்யும். இரும்புக்கு இரும்புத் தகடே போடுக. அலுமினியத்தை இரும்போடு ரிவெட்டால் சேர்த்தால், ஈரம் பட்டவுடன் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

மெதுவாய் இறுகும் வகையை ஒரு முழுநாள் கிளாம்பில் அசையாமல் விட வேண்டும். முழுப்பலம் வரச் சில நாட்கள் ஆகும். மறுநாள் கிளாம்போடேயே வண்டியை வெயிலில் நிறுத்தினால் மேலும் நன்மை. இறுகியபின் கிடைக்கும் சூடு பசையின் உஷ்ணம் தாங்கும் வல்லமையை உயர்த்தும். இது ஏன் வேண்டுமெனில், அறைச்சூட்டில் மாத்திரம் இறுகிய சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் மெதுவாகத் தொடங்கும். நடுப்பகல் வெயிலில் நிற்கும் கருநிறத் தகடு 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. பாரமில்லாத தகடாயின் இதனால் பெருந்தீங்கில்லை. இஞ்சினையும் புகைக்குழாயையும் அடுத்த தகடுகளுக்கு மட்டும், அதிக உஷ்ணம் தாங்கும் என்று உறுதிகூறப்பட்ட பசையையே தேடி வாங்க வேண்டும். கிடைக்காவிடில் ஒட்டாமல் விடுவதே மேல்.

ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் காணும். ஒருமுறை அவ்வாறு உடம்பு வெறுத்துவிட்டால் பின்பு ஆயுள் முழுதும் அந்தத் தொல்லை நீங்காது. கையுறை அணிதல் வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் கழுவாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக.

கண்ணாடியிழை உடல்களும் பிளாஸ்டிக்கும்

1953-இல் அமெரிக்காவில் கார்வெட் என்ற கார் கண்ணாடியிழை உடலோடு வெளிவந்ததிலிருந்து அவ்வகை உடல்கள் பெருகியுள்ளன. இவை உடைந்தால், உடைந்த ஓரத்தைக் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாய்த் தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காய் ரெசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். இதற்கு மலிவான பாலியெஸ்டர் ரெசின் போதும். இரும்பின்மேல் மாத்திரம் பாலியெஸ்டர் கூடாது; அது இறுகும்போது சுருங்குவதால் இரும்பை விட்டு விலகும். வேறொரு நுட்பமும் உண்டு. நறுக்கிய இழைகளைப் பரப்பிச் செய்த பாய் போன்ற விரிப்பில் இழைகளைப் பிடித்திருக்கும் பிசின், பாலியெஸ்டரில் கரைந்து இளகும். எபாக்ஸியில் பெரும்பாலும் கரையாது. ஆகவே எபாக்ஸிக்கு நெய்த துணியே ஏற்றது.

பாலியெஸ்டரை இறுகச் செய்யும் திராவகத்தைப் பற்றிக் கடுமையாய் எச்சரித்தல் அவசியம். நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு மட்டுமே சேர்க்கப்படும் இத்திராவகம் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வையைப் போக்கக் கூடியது. கண்ணாடி அணியாமல் இதன் புட்டியைத் திறக்கலாகாது. வேகம் தரும் கோபால்ட் கரைசலோடு இதனை நேரே கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் கலந்து முற்றிலும் கரைந்தபின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் புட்டிகளிலும் மருந்துப் புட்டிகளிலும் இதனை ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அன்றே நிறுத்தத் தக்கது.

பம்பர் முதலிய பிளாஸ்டிக் உறுப்புக்களின் பின்புறத்தில் ‘பிபி’ என்ற எழுத்துக்கள் பொறித்திருந்தால் அது பாலிபுரொப்பிலீன். எபாக்ஸி அதில் பிடிக்காது. குறியில்லையாயின் ஒரு சிறு சீவலை நீரில் போட்டால் மிதக்கும் வகை பெரும்பாலும் இதுவே. அதற்கு வெப்பக் காற்றால் பற்றவைக்கும் வேறு முறை உண்டு.

வேலையைப் பரிசோதித்தல்

வண்டியை ஒட்டும் அதே வேளையில், வெட்டிக் கழித்த தகட்டில் ஒரு துண்டையும் புதுத்தகட்டில் ஒரு துண்டையும் அதே பசையால் ஒட்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஓரிரு நாள் கழித்து அதனை வைஸில் பிடித்து உரித்துப் பார்க்க வேண்டும். பசை இரண்டு துண்டுகளின் மீதும் கிழிந்து நின்றால் வண்டியிலுள்ள ஒட்டும் நன்று. ஒரு துண்டில் பசை முழுவதும் நின்று, மற்றது பளபளவென்று சுத்தமாய்க் கழன்றால் தேய்ப்பிலோ துடைப்பிலோ குறை; ஒட்டை எடுத்து மறுபடியும் செய்தல் வேண்டும். வண்டியின்மேல் உள்ள ஒட்டை நாணயத்தால் தட்டியும் பார்க்கலாம். பானையையும் பலாப்பழத்தையும் தட்டி அறிகிறவர்களுக்கு, பசை படாத இடத்தின் மந்தமான ஓசையைப் பிரித்தறியப் பழக்கம் வேண்டுவதில்லை.

அதன்பிறகே முன்புறத்துப் பள்ளத்தில் மெல்லியதாய்ப் பட்டியிட்டு, அடிப்பூச்சும் பெயிண்டும் கொடுத்து, உட்புறத்தில் ஒட்டின் ஓரம் முழுவதும் நீர் புகாமல் அடைக்க வேண்டும். கதவுகளின் அடியில் நீர் வடியும் துளைகளை இப்போது அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊராட்சியின் தண்ணீர் வண்டி, குப்பை வண்டி முதலியவற்றின் பழுதைப் பார்க்கும் பொறுப்புள்ளவர்கள், பெயிண்டு உலர்ந்து பளபளக்கும் வண்டியை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தல் தகாது. பட்டி இடுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்ப்பதாக ஒப்பந்தத்திலேயே குறித்துவிட வேண்டும். பழைய டிராக்டரோ காரோ விலைக்கு வாங்குகிறவருக்கும் இதே சந்தேகம் உண்டாவது நியாயம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் மெதுவாய் நகர்த்தினால், கனமாய்ப் பட்டி அப்பிய இடத்தில் காந்தம் பிடிப்பைத் தளர்த்தும். கண்ணாடியிழை, அலுமினியம், பிளாஸ்டிக் உறுப்புக்களில் காந்தம் இயல்பாகவே ஒட்டாது என்பதை நினைவிற்கொண்டு, இப்பரீக்ஷையை இரும்புத் தகட்டில் மாத்திரம் செய்ய வேண்டும்.

பசையால் ஒட்டிய இடம் இன்னதென்று வண்டியின் பதிவேட்டில் தேதியோடு எழுதி வைப்பதும், உட்புறத்தில் பெயிண்டால் ஓர் அடையாளம் இடுவதும் அவசியம். பிற்காலத்தில் வேறொரு வேலைக்காக அருகில் வெல்டிங் செய்கிறவர் அறியாது சூடேற்றினால் ஒட்டு கருகிக் கழலும். கருகும் எபாக்ஸியின் புகை சுவாசத்துக்கு ஆகாது. சேற்றுழவுப் பருவம் முடிந்தவுடன் மட்கார்டின் உட்புறத்தைக் கழுவி உலர்த்தி, ஒட்டின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, பெயிண்டு வெடித்திருந்தால் அன்றே சுரண்டிப் பூசிவிட வேண்டும்.